கண்ணாடிக்காரரின் கை

டமியெட்டா
ரமலான் பிறை 5

வஜீஹ்,

ஃபோன் செய்திருக்கலாம். ஆனால் உன் குரல் வருஷத்துக்கு வருஷம் அப்பாவின் குரலாக ஆகிவருகிறது. நோன்பு வைத்துக்கொண்டு அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. கெய்ரோ மைக்ரோபஸ் ஓட்டும் ஸாபிரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத மனசிருந்தால் அவனிடமே கொடு.

உன் சீரியலை ஊரே பார்க்கிறது. முதல் மூன்று நாள் என்னை வழியில் நிறுத்திப் பாராட்டினார்கள். "உங்க தம்பி உங்கப்பாவ அப்படியே டிவியில கொண்டாந்துட்டாரு டீச்சர். அதே கண்ணாடிக் கடை, அதே வெள்ளைக் கோட்டு, அதே சிரிப்பு" என்றார் மீன்கடை ஹாஜி. நானும் பல்லைக் காட்டிவைத்தேன். நேற்று நான்காவது எபிசோடில் உன் கண்ணாடிக்காரன் உஸ்தாத் ஷுக்ரி தன் மனைவிக்கு வேண்டுமென்றே தப்பான பவரில் கண்ணாடி செய்து மாட்டிவிட்டான். அவள் சுவரைத் தடவிக்கொண்டு மாடிப்படி இறங்குவதைக் கீழே நின்று ரசித்தான். இன்று ஹாஜி என் முகத்தைப் பார்க்காமலே மீனை நிறுத்துக் கொடுத்தார்.

அப்பாவின் நாற்பதாம் நாள் முடிந்து கடையைக் காலி செய்தபோது, லென்ஸ் தட்டுகளுக்கு அடியில் அந்த இழுப்பறையைத் திறந்தது நாம் இரண்டு பேர்தான். அம்மா காலமெல்லாம் தொலைத்ததாக நினைத்த சாமான்கள் அத்தனையும் அதில் கிடந்தன. வீட்டுச் சாவிகள், ஒற்றைக் கம்மல், தையல் கத்தரி, அவள் அம்மாவின் படம். தனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நம்பித்தான் அம்மா தபால் ஆபீஸ் வேலையை விட்டாள், யார் வீட்டுக்கும் போகாமல் முடங்கினாள். எல்லாம் ஒரு ஆளின் கைவேலை என்று அன்றைக்குத்தான் நமக்கு விளங்கியது. அவளிடம் சொல்லிவிடலாம் என்றாய் நீ. கூடாது என்றேன் நான். கத்திக்கொண்டோம், அத்தோடு பேச்சு நின்றது. நான் எல்லாவற்றையும் வாரி ஆற்றில் போட்டுவிட்டு, அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து, வயசானதால் பவர் மாறிவிட்டது என்று சொன்னேன்.

அம்மா ஒருத்தியிடம் சொல்லாதே என்றுதான் உன்னைக் கேட்டுக்கொண்டேன். நீ நாட்டுக்கே சொல்லிவிட்டாய், நடுவில் நெய் விளம்பரம் வேறு.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். கடைசி எபிசோடில் அந்த இழுப்பறை திறக்கக் கூடாது. தன் வாழ்க்கை முழுக்க ஒருத்தன் விளையாடிய விளையாட்டு என்று இந்த வயதில் தெரிந்தால் அவள் செத்துப்போவாள்.

இக்லாஸ்

*

கெய்ரோ
ரமலான் பிறை 7

அக்கா,

உன் கடிதத்தை மேக்கப் அறையில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு இப்போது வீடு அதுதான். ஏழாவது எபிசோட் இன்று ஓடுகிறது, பதினைந்தாவது பக்கத்து அறையில் படமாகிறது, பதினெட்டாவதை முழங்கால்மேல் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கம் முடியுமுன் நடிகர் பிடுங்கிக்கொண்டு போகிறார். முப்பதாவதில் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. இந்தத் தொழிலில் ரமலானுக்கு முன்னால் எழுதி முடித்தவன் எவனும் இல்லை. நீ என்னவோ நான் முடிவைப் பெட்டியில் பூட்டிவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு உத்தரவு போடுகிறாய்.

இன்னொன்று. ஜனங்கள் ஷுக்ரியை வெறுப்பார்கள் என்று பயந்தேன். அவர்கள் அவன்மேல் உயிரை விடுகிறார்கள். இதே நேரத்தில் பக்கத்துச் சேனலில் ஒரு உத்தமர் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டுகிறார். அதை அவருடைய பெண்டாட்டிகூடப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து நல்லவனாக இருந்த களைப்பு ஜனங்களுக்கு. நோன்பு திறந்து, வயிறு முட்ட இனிப்புக் கத்தாயிஃப் தின்றுவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் கெட்டவனோடு கெட்டவனாக இருக்கப் பிடிக்கிறது. அப்புறம், நான் இவ்வளவு மோசம் இல்லை என்ற திருப்தியோடு எழுந்து தொழப் போகிறார்கள். என் திறமை என்று பத்திரிகையில் எழுதுவதெல்லாம் இந்த அற்பத்தனத்தின்மேல் கட்டியதுதான்.

நீ மட்டும் என்ன ஒசத்தி? கீழே நின்று ரசித்தான் என்று எழுதியிருக்கிறாய். அந்த முகம் திரையில் ஒரே ஒரு நொடி வருகிறது. கண் கொட்டாமல் பார்த்திருக்கிறாய், டீச்சரம்மா.

வஜீஹ்

*

டமியெட்டா
ரமலான் பிறை 11

வஜீஹ்,

நான் பார்ப்பது காவலுக்கு. அதுவும் என் அறையில், ஃபோனில், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு. நீ அடுத்து என்ன அசிங்கம் செய்வாய் என்று தெரிந்தால்தானே வீட்டை நான் காப்பாற்ற முடியும்?

உன் ரசிகர்களின் லட்சணத்தைக் கேள். எதிர்வீட்டு இன்ஷிராஹ் அம்மாள் ஷுக்ரிக்காகக் கண்ணீர் விடுகிறாள். "பாவம், சின்ன வயசுல அவனை யாரு என்ன கொடுமை பண்ணாங்களோ. கண்ணப் பாரேன், என்ன சோகம்" என்கிறாள். அவளுடைய புருஷன் ஒரு தடவை சூப்பில் உப்பு இல்லை என்றதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள். என் வகுப்புப் பெண்கள் வரைபடப் புத்தகத்தை மறந்துவிட்டு வந்த தோழியிடம், குரலை இழுத்து, "மறந்துட்டியா கண்ணே? பரவாயில்ல, நான் இருக்கேன்" என்கிறார்கள். முடிதிருத்தும் கடைப் பையன்கள் அதை ஃபோன் மணியாக வைத்திருக்கிறார்கள்.

அது அப்பாவின் வாக்கியம். அம்மா சாவியைத் தேடித் தேடி அழும்போது அவள் தலையைத் தடவிக்கொண்டே சொல்வாரே, அதே வாக்கியம், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அதற்கு உனக்குக் கூலியும் கொடுக்கிறார்கள்.

நல்லவேளை, அம்மா நான்காவது எபிசோடிலிருந்து பார்க்கவில்லை. ரிமோட்டை எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டாள். மகன் எழுதியதைப் பார்க்க முடியவில்லையே என்று தினமும் மெத்தையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். வயசாகிறது, மறதி கூடிவிட்டது.

இழுப்பறையைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இக்லாஸ்

*

கெய்ரோ
ரமலான் பிறை 14

அக்கா,

இழுப்பறையைப் பற்றி எழுதுகிறேன். நான் நினைத்திருப்பது இதுதான். முப்பதாவது எபிசோடில் மனைவி கடைக்குப் போகிறாள், லென்ஸ் தட்டுகளைத் தூக்குகிறாள், இழுப்பறையை இழுக்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்கிறாள். வசனமே கிடையாது. இந்த ஒரு காட்சிக்காகத்தான் மற்ற குப்பையெல்லாம் எழுதினேன்.

தயாரிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. நேற்று சிகரெட்டை ஆட்டிக்கொண்டே, "பாஷா, ஷுக்ரி மாட்டிக்கிட்டா அடுத்த வருஷம் என் பிள்ளைங்க என்னத்தச் சாப்பிடும்? பொம்பளை அழுதா அழட்டும், எல்லா சீரியல்லயும் அழறாங்க. ஆனா இவன் சிரிச்சிட்டே வெளிய வரணும்" என்றார். அவர் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷம் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஆக, நீயும் அந்த ஆளும் ஒரே கட்சி. உனக்கு அம்மா, அவருக்கு வியாபாரம். இரண்டு பேருக்கும் வேண்டியது இழுப்பறை மூடியே இருக்க வேண்டும் என்பதுதான்.

அம்மாவுக்கு மறதி என்று எழுதியிருக்கிறாய். ரமலானுக்கு முந்திய வாரம் அவள் என்னோடு ஃபோனில் பேசினாள். எனக்குப் பெயர் வைத்த நாளன்று யார் யார் வந்தார்கள், யார் வெறுங்கையோடு வந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். ரிமோட் எப்போது தொலைந்தது?

வஜீஹ்

*

டமியெட்டா
ரமலான் பிறை 18

வஜீஹ்,

கெய்ரோவில் உட்கார்ந்துகொண்டு ஃபோனில் கேட்டால் எல்லா அம்மாவும் தெளிவாகத்தான் பேசுவாள். கூட இருந்து பார்ப்பவளுக்குத்தான் தெரியும்.

ரிமோட் போனதும் டிவியிலேயே பட்டன் இருக்கிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு நாள் அதை அமுக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் டிஷ் ஒயரைக் காணோம். துடைக்கும்போது தானே பிடுங்கி எங்கேயோ வைத்திருப்பாள் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டாள். முந்தாநாள் கண்ணாடியையே காணவில்லை. சமையலறையில், குளியலறையில், தலையணைக்கு அடியில், எல்லா இடத்திலும் தேடினோம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்குப் பழைய வியாதி திரும்பிருச்சு இக்லாஸ்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, கவலைப்படாதேம்மா, நான் இருக்கேன் என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பெருநாள் கழிந்து மன்சூராவில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். மறதிக்குப் பேர்பெற்றவர். இதெல்லாம் உனக்கு எதற்கு? நீ போய் உன் ஷுக்ரிக்குச் சட்டை தேர்ந்தெடு. நேற்றுப் போட்டிருந்த சாம்பல் நிறம் எடுப்பாக இல்லை.

இக்லாஸ்

*

கெய்ரோ
ரமலான் பிறை 20

அக்கா,

ரிமோட் எங்கே இருக்கிறது?

ஒயர் எங்கே? கண்ணாடி எங்கே?

நான் பிழைப்பு நடத்துவதே இப்படிப்பட்ட ஆட்களை எழுதித்தான். அவர்கள் எந்த வரியில் வழுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். 'துடைக்கும்போது தானே பிடுங்கி வைத்திருப்பாள் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டாள்.' ஒன்பதாவது எபிசோடில் இதே வரியை ஷுக்ரிக்கு எழுதினேன். டைரக்டர், இவ்வளவு பச்சையாக எவனும் சொல்ல மாட்டான் என்று வெட்டிவிட்டார். உன் கடிதத்தை அவரிடம் காட்டலாம் என்று இருக்கிறேன்.

கண்ணாடியை எடுத்துக் கொடு.

வஜீஹ்

*

டமியெட்டா
ரமலான் பிறை 22

வஜீஹ்,

ஆமாம், நான்தான் ஒளித்தேன். அதற்கென்ன இப்போது? ரிமோட்டை ஒளித்தது அவள் நெஞ்சு வெடிக்காமல் இருக்க. ஒயரை ஒளித்தது ரிமோட் போதாததால். கண்ணாடியை ஒளித்தது, வேறு எதுவும் மிச்சம் இல்லாததால். நீ எழுதிய விஷத்துக்கு நான் கதவைச் சாத்தினேன். விஷத்தை வைத்தவனுக்குக் கோபம் வேறு.

என்னை அப்பாவோடு சேர்த்துப் பேசாதே. அவர் ரசித்துச் செய்தார். நான் ஒவ்வொரு தடவையும் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வருகிறேன். அவர் ஆயுசு முழுக்கச் செய்தார், நான் ஒரு ரமலான் செய்கிறேன். பெருநாள் அன்று எல்லாம் தன்னால் கிடைத்துவிடும். டாக்டரிடம் போவது அவளுக்கே ஒரு ஆறுதலுக்குத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும்போது அவள் என்மேல் சாய்கிறாள், வஜீஹ். சின்ன வயதில்கூட அவள் அப்படி என்னோடு ஒட்டிக்கொண்டு நடந்ததில்லை. நீ இருந்திருந்தால் உனக்கும் பிடித்திருக்கும்.

எல்லாம் பத்திரமாகக் கஹ்க் பிஸ்கட் அச்சு டப்பாவில் இருக்கிறது. அலமாரிக்கு மேலே, கடைசியில். பெருநாள் கஹ்க்கை நாங்கள் ஐந்து வருஷமாகப் பேக்கரியில்தான் வாங்குகிறோம். அந்த டப்பாவை யாரும் தொடுவதில்லை. ஆக, எதையும் நான் ஆற்றில் போட்டுவிடவில்லை.

இழுப்பறையைத் திறக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

இக்லாஸ்

*

கெய்ரோ
ரமலான் பிறை 27

அக்கா,

உன் வேண்டுதல் பலித்துவிட்டது. இழுப்பறைக் காட்சியை எழுதிக் கொடுத்தேன், நடிகையும் நன்றாகவே செய்தாள், மூன்று நாள் முன்னால் படமாக்கினோம். நேற்றுத் தயாரிப்பாளர் அதைத் தூக்கிவிட்டு வேறொன்றைச் சேர்க்கச் சொன்னார். ஷுக்ரி முழங்காலால் இழுப்பறையைத் தள்ளி மூடிவிட்டு, நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடைக்கு வெளியே போகிறான். நான் அதையும் எழுதிக் கொடுத்தேன். முடியாது என்று எழுந்து வந்திருந்தால் இப்போது உன்னைத் திட்ட எனக்கு வாய் இருந்திருக்கும். இப்போது நாம் மூன்று பேரும் ஒரே தரம்தான், நீ, நான், அந்தச் சிகரெட்காரர்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கடைசிப் பத்து நாளில், இந்த நாட்டில், கஹ்க் அச்சு டப்பாவுக்குள் ஒளிப்பார்களா யாராவது? எந்த வீட்டுப் பெண்ணுக்கு எப்போது ஆசை வரும் என்று யார் கண்டார்கள்? இந்தத் தப்பை ஷுக்ரி செய்யமாட்டான். நீ கெட்டவளாக இருக்கக்கூட லாயக்கில்லை.

வஜீஹ்

*

டமியெட்டா
ஷவ்வால் பிறை 4

வஜீஹ்,

என் எழுத்து இவ்வளவு பெரிதாகவும் கோணலாகவும் இருப்பதைப் பார்த்து நான் அழுதுகொண்டே எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. காரணம் வேறு.

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு முழுக்க நெய் வாசனை. அம்மா முழங்கை வரை மாவோடு உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. மேஜைமேல் ரிமோட். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி கெடைச்சிருச்சாம்மா? எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"அச்சு டப்பாவுல. மகன் பேர் வாங்கியிருக்கான், இந்த வருஷமாச்சும் கஹ்க் வீட்டுல போடலாம்னு எறக்கினேன். நானேதான் வெச்சிருப்பேன். மறதிதான?" என்று சொல்லிவிட்டு, அச்சை மாவில் அழுத்தி, ஒவ்வொரு வில்லையாகத் தட்டில் அடுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் பிசைந்தேன்.

கடைசி எபிசோடை எங்கள் கூடத்திலேயே பார்த்தாள், இன்ஷிராஹ் அம்மாளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. ஷுக்ரி இழுப்பறையைத் தள்ளி மூடிச் சிரித்ததும் இன்ஷிராஹ் கை தட்டினாள். "ஆளுன்னா இவன்தான் ஆளு, யாராலயும் பிடிக்க முடியலையே" என்றாள். அம்மா கஹ்க்கைக் கடித்துக்கொண்டே, "எழுதினவன் பயந்துட்டான்" என்றாள்.

இன்ஷிராஹ் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், எத்தனை எபிசோட் பார்த்தாய் என்று. ஒன்றுகூட விடவில்லையாம். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் பார்க்கும்போதெல்லாம், அவள் எதிர்வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். யார் வீட்டுக்கும் போகாதவள். கண்ணாடி இல்லாத நாட்களில் காதால் கேட்டிருக்கிறாள். "குரலே போதும்டி. நாலாவது நாளே தெரிஞ்சிருச்சு எனக்கு, அது யாருன்னு" என்றாள்.

அவள் சாகவில்லை, வஜீஹ். அழக்கூட இல்லை. நான்தான் அழுதேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"எல்லாரும் அவனைப் பாத்தீங்க. என்ன அழகு, என்ன புத்தின்னு. எனக்கு அவன் மூஞ்சி வேண்டாம், நாப்பது வருஷமா பாத்தாச்சு. எனக்கு அந்தக் கையத்தான் பாக்கணும். சாவிய எடுக்கற கை, பையில போடற கை. நான் அழுதிட்டு இருக்கறப்ப அது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே இல்லையே. டிவியில தெரிஞ்சுது. அந்தப் பொம்பளைக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு, அத தெரிஞ்சுக்கிட்டு வந்து படுத்தா நல்லா தூக்கம் வந்துச்சு" என்றாள்.

நான் அப்பாவைப் பற்றிச் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "அவரப் பத்தி எதிர்வீட்டுல தெரிஞ்சுக்கிட்டேன். உன்னப் பத்தி அச்சு டப்பாவுல தெரிஞ்சுக்கிட்டேன். போய்ப் படு" என்றாள்.

அது பெருநாளுக்கு முந்திய இரவு. பெருநாள் நன்றாகவே போனது. வருகிறவர்களுக்கெல்லாம் கஹ்க் கொடுத்து, மகன் சீரியல் எழுதுகிறான் என்று பெருமையடித்தாள். மறுநாள் என் வீட்டுச் சாவியைக் காணவில்லை. பையைக் கவிழ்த்துத் தேடினேன். அதற்கு மறுநாள் என் சிவப்புப் பேனா. இன்று காலையில் என் கண்ணாடி. அச்சு டப்பாவை இறக்கிப் பார்த்தேன், அச்சுகள்தான் இருந்தன. லென்ஸ் கழற்றிய பழைய கண்ணாடிச் சட்டம் ஒன்று இருந்தது, அப்பா கடையுடையது. அது எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் ஆற்றில்தானே போட்டேன்?

போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாளைக்கு மன்சூரா டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஏன், போகலாம். உன் பேருக்கு மாத்திச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. என்னோடு சண்டை போடவாவது வா. இப்போது நான் எழுதுவதை அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து வரிக்கு வெளியே போகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. எழுந்து வருகிறாள். கை என் தலைமேல் இருக்கிறது, மெதுவாகத் தடவுகிறாள்.

"மறந்துட்டியா கண்ணே? பரவாயில்ல, நான் இருக்கேன்" என்கிறாள்.

இக்லாஸ்